அழைக்கத் தந்த பெயர்கள்: இறைத் திருநாமங்களும் பண்புகளும் உருவான வரலாறு

முஸ்லிம் வீடுகள் பலவற்றில் முன்னறைச் சுவரில் சட்டமிட்ட பலகை ஒன்று மாட்டியிருக்கும். அஸ்மாவுல் ஹுஸ்னா, அதாவது அல்லாஹ்வின் அழகிய திருநாமங்கள். கட்டம் கட்டமாக 99 பெயர்கள். அர்ரஹ்மானை முதலிலும் அஸ்ஸபூரைக் கடைசியிலும் காணலாம். சிறு வயதில் அதை எழுத்துக்கூட்டிப் படித்து வளர்ந்தவர்களும் எளிதில் கவனிக்காத இரண்டு செய்திகள் அதில் உள்ளன. கடைசிப் பெயரான 'அஸ்ஸபூர்', பொறுமை மிக்கவன் என்பது, குர்ஆனில் எங்கும் இறைவனின் பெயராக வரவில்லை. குர்ஆனில் தொள்ளாயிரம் முறைக்கு மேல் வருகிற 'ரப்பு' அந்தப் பலகையில் இல்லை.

இது எப்படி நேர்ந்தது என்று கேட்கத் தொடங்கினால் இஸ்லாமிய இறையியலின் ஆகப் பெரிய கேள்வி ஒன்றுக்குள் நுழைந்துவிடுகிறோம். இறைவனின் பெயர்கள் எங்கிருந்து வந்தன? அந்தப் பெயர்களுக்குப் பின்னால் 'ஸிஃபத்' என்ற பண்புக் கோட்பாடு எப்போது எழுந்தது? உண்மையில் இதற்குள் நான்கு கேள்விகள் இருக்கின்றன. சொல்லின் வரலாறு ஒன்று. வேதம் அந்தச் சொல்லை எப்படி எடுத்தாண்டது என்பது இரண்டு. பட்டியலைத் தொகுத்தது யார் என்பது மூன்று. பெயரிலிருந்து பண்பைப் பிரித்துப் பேசிய விவாதம் நான்கு. ஒன்றுக்குரிய விடையை மற்றொன்றுக்குச் சொல்வதால்தான் இந்தத் துறையில் பாதிப் பூசல்கள் வருகின்றன. ஆகவே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சொற்களின் தடம்

'அல்லாஹ்' என்ற பெயரை மக்கத்துக் குறைஷிகள் நபித்துவத்துக்கு முன்பே அறிந்திருந்தார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் தந்தை பெயரே அப்துல்லாஹ். வானத்தையும் பூமியையும் படைத்தது யார் என்று கேட்டால் அல்லாஹ் என்றுதான் அவர்கள் சொல்வார்கள் என்று குர்ஆனே பல இடங்களில் எடுத்துக்காட்டுகிறது. லாத், உஸ்ஸா, மனாத் ஆகியோரை அவனோடு சேர்த்து வணங்கியதே அவர்கள்மீது வேதம் வைத்த குற்றச்சாட்டு. அந்தத் தெய்வப் பெயர்களே இறைத் திருநாமங்களைத் திரித்து உண்டாக்கியவை, 'அல்லாஹ்'விலிருந்து லாத்தும் 'அஸீஸ்' என்பதிலிருந்து உஸ்ஸாவும் வந்தன என்று பழைய விரிவுரையாளர்கள் விளக்கினார்கள்.

அரபு இலக்கணிகளிடையே 'அல்லாஹ்' குறித்து இரண்டு கருத்துகள் உண்டு. வேறு எந்த வேரிலிருந்தும் பிறக்காத தனிப்பெயர் அது என்பது ஒன்று. 'அல்-இலாஹ்' என்பதன் சுருங்கிய வடிவம் என்பது மற்றொன்று. வட சிரியாவின் ஸபத் என்னுமிடத்தில் கிடைத்த, கி.பி. 512ஐச் சேர்ந்த மும்மொழிக் கல்வெட்டின் அரபுப் பகுதியில் 'அல்-இலாஹ்' என்ற சொல் காணப்படுகிறது. அது ஒரு கிறித்தவக் கல்வெட்டு. அரமேயத்தின் 'அலாஹா', எபிரேயத்தின் 'எலோவாஹ்' ஆகியவையும் இதே குடும்பத்துச் சொற்கள்.

'ரஹ்மான்' என்ற பெயரின் பயணம் இதைவிட வியப்பானது. யமன் நாட்டின் ஹிம்யர் அரசர்கள் நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பல தெய்வ வழிபாட்டைக் கைவிட்டார்கள். அதற்குப் பிந்தைய அவர்களின் கல்வெட்டுகளில் ஒரே கடவுளின் பெயராக 'ரஹ்மானான்' வருகிறது. சொல்லின் கடைசியில் உள்ள 'ஆன்' பழைய தென்னரபு மொழியில் சுட்டு விகுதி. அரபின் 'அல்' சொல்லுக்கு முன்னால் செய்யும் வேலையை அது பின்னால் நின்று செய்கிறது. 548இல் மஃரிப் அணையைச் செப்பனிட்ட யமன் ஆட்சியாளன் அப்ரஹா பொறித்த நெடுங்கல்வெட்டும் ரஹ்மானானின் வல்லமையைச் சொல்லித்தான் தொடங்குகிறது. அவன் கிறித்தவன் என்பதால் அடுத்து மசீஹையும் தூய ஆவியையும் சேர்த்துக்கொள்கிறான். பாபிலோனிய தல்மூதிலும் இறைவனைக் குறிக்க 'ரஹ்மானா' என்ற அரமேயச் சொல் வழக்கமாக வருகிறது. ஆக, தெற்கிலும் வடக்கிலும் ஏக இறைவனை நம்பியவர்களின் நாவில் இந்தப் பெயர் முன்பே இருந்தது. மக்கத்து நாவுக்குத்தான் அது பழக்கமில்லை.

இந்தப் பழக்கமின்மை ஓர் உடன்படிக்கை மேடையிலேயே வெளிப்பட்டது. 628, ஹுதைபிய்யா. நபியவர்கள் வாசகம் சொல்ல, அலீ (ரலி) எழுதுகிறார்கள். அல்லாஹ்வின் பெயரோடு ரஹ்மானும் ரஹீமும் சேர்ந்த முதல் வரியிலேயே குறைஷிகளின் தூதர் ஸுஹைல் இப்னு அம்ர் குறுக்கிடுகிறார். ரஹ்மான் யாரென்று தமக்குத் தெரியாது, 'அல்லாஹ்வே, உன் பெயரால்' என்ற பழைய வழக்கப்படியே எழுதுங்கள் என்கிறார். முஸ்லிம்கள் மறுக்கிறார்கள். நபியவர்கள் அவர் கேட்டபடியே எழுதச் சொல்கிறார்கள். ஒரு பெயருக்காக வாளெடுக்கக்கூடிய நேரம் அது. அந்தப் பெயர் எழுத்தில் இல்லாவிட்டாலும் அது குறிப்பவன் குறைந்துவிடமாட்டான் என்று அறிந்தவரின் விட்டுக்கொடுப்பு அது.

வேதம் செய்த மாற்றம்

சொல் முன்பே இருந்தது என்பதால் வேதத்தின் பங்கு சிறுத்துவிடாது. அல்லாஹ் என்று அழையுங்கள், ரஹ்மான் என்று அழையுங்கள், எப்படி அழைத்தாலும் அழகிய பெயர்கள் அவனுக்கே உரியவை என்ற கருத்தைப் பதினேழாம் அத்தியாயத்தின் 110ஆம் வசனம் முன்வைக்கிறது. மக்கா அறிந்த பெயரையும் யமன் அறிந்த பெயரையும் ஒருவனுக்கே உரியவை என்று இணைத்தது இந்த வசனம். பத்தொன்பதாம் அத்தியாயமான மர்யமில் மட்டும் 'ரஹ்மான்' 16 முறை வருகிறது. பண்புச் சொல்லாக மட்டுமல்லாமல், ஏறக்குறைய ஒரு தனிப்பெயராகவே அங்கே நிற்கிறது.

ரஹ்மானும் ரஹீமும் ஒரே வேரில் முளைத்தவை. அந்த வேரிலிருந்து கருப்பையைக் குறிக்கும் 'ரஹிம்' என்ற சொல்லும் வருகிறது. கருப்பையின் உறவுக்கும் இறைவனின் பெயருக்கும் உள்ள இந்த வேர்த் தொடர்பை ஒரு ஹதீஸும் எடுத்துச் சொல்கிறது. 'ரஹ்மான்' என்பதன் சொல்லமைப்பு நிரம்பி வழிவதைக் காட்டும். தாகம் முட்டியவனுக்கு 'அத்ஷான்', கோபம் தலைக்கேறியவனுக்கு 'கள்பான்' என்பதும் அதே அச்சில் வார்த்தவை. 'ரஹீம்' நிலைத்த இயல்பைக் காட்டும் அச்சு. நம் மொழிபெயர்ப்பாளர்கள் ஒன்றுக்கு அருளையும் மற்றதற்கு அன்பையும் பிரித்துக் கொடுத்தார்கள். ஆனால் மூலத்தில் இரண்டும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

இங்கேதான் பிற்கால விவாதத்தின் விதை கிடக்கிறது. 'ரஹ்மான்' என்று குர்ஆன் மனிதர் எவரையும் சொல்வதில்லை. 'ரஹீம்' என்பதையோ ஒன்பதாம் அத்தியாயத்தின் 128ஆம் வசனம் நபியவர்களுக்கும் சொல்கிறது. எழுபத்தாறாம் அத்தியாயம் மனிதனைக் கேட்பவனாகவும் பார்ப்பவனாகவும் ஆக்கியதாகச் சொல்கிறது. நாற்பத்திரண்டாம் அத்தியாயத்தின் 11ஆம் வசனம் அவனைப் போன்றது எதுவுமில்லை என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில் அவன் கேட்பவன், பார்ப்பவன் என்கிறது. ஒரே சொல் அடியானுக்கும் ஆண்டவனுக்கும் வரும்போது பொருளும் ஒன்றுதானா? ஒன்று என்றால் ஒப்புமை வந்துவிடும். வேறு என்றால் அந்தச் சொல்லால் நாம் என்ன அறிந்தோம்? பல நூற்றாண்டு விவாதமும் இந்த ஒற்றை வசனத்தின் இரு பாதிகளுக்கு இடையே நடந்ததுதான்.

பெயர்கள் வெளியுலகில் ஏறிய வேகத்துக்கு நாணயமே சாட்சி. உமையா கலீஃபா அப்துல் மலிக் ஹிஜ்ரி 77இல் (696-97) வெளியிட்ட தங்கத் தீனாரில் உருவம் கிடையாது. அல்லாஹ் ஒருவன், அவன் 'ஸமத்' என்று இஃக்லாஸ் அத்தியாயத்தின் சொற்களே பொறிக்கப்பட்டிருந்தன. சந்தையில் கைமாறிய அந்தச் சொல்லுக்குப் பொருள் சொல்வதில் அறிஞர்கள் ஒருமிக்கவில்லை. 'ஸமத்' குர்ஆனில் ஒரே ஒரு முறைதான் வருகிறது. எல்லாத் தேவைக்கும் மக்கள் நாடிச் செல்லும் தலைவன், உள்ளே வெற்றிடமில்லாத திண்மையன், உண்ணாதவன் பருகாதவன் என்று பல பொருள்களைத் தபரீ (இறப்பு 923) வரிசைப்படுத்துகிறார். பொருள் முழுதும் பிடிபடும் முன்பே அந்தப் பெயரைச் சொல்லித் தொழுதார்கள், சொல்லி அழைத்தார்கள். அழைப்பு முதலில் வந்தது, விளக்கம் பின்னால் வந்தது.

தொண்ணூற்றொன்பதும் பட்டியலும்

அல்லாஹ்வுக்கு 99 பெயர்கள், நூறுக்கு ஒன்று குறைவு, அவற்றைக் கணக்கிட்டுப் பேணுபவர் சொர்க்கம் புகுவார் என்ற கருத்துள்ள ஹதீஸை அபூஹுரைரா (ரலி) வழியாகப் புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த இரண்டு நூல்களிலும் எண்தான் உண்டு, பட்டியல் இல்லை. நம் சுவர்ப் பலகைக்கு மூலம் இமாம் திர்மிதீ (இறப்பு 892) பதிவு செய்த அறிவிப்பு. அதை வலீத் இப்னு முஸ்லிம் என்ற அறிவிப்பாளர் வழியாக அவர் பெற்றார். 'கரீப்', அதாவது தனித்த வழியில் வந்தது என்று குறிப்பும் எழுதி வைத்தார். இப்னு மாஜாவிடம் உள்ள பட்டியல் வேறு. இந்தப் பட்டியல்கள் நபியவர்களின் வாய்மொழி அல்ல, அறிவிப்பாளர்கள் குர்ஆனிலிருந்து திரட்டிச் சேர்த்தவை என்பது இப்னு தைமிய்யா, இப்னு ஹஜர் அஸ்கலானீ உள்ளிட்ட ஹதீஸ் கலை வல்லுநர்களின் முடிவு. இப்னு ஹஜர் (இறப்பு 1449) குர்ஆனை மட்டுமே வைத்துத் தம் கணக்கில் ஒரு 99ஐத் தொகுத்தும் காட்டினார்.

ஆக, பலகையில் ஸபூர் இருப்பதும் ரப்பு இல்லாததும் வேதத்தின் குறை ஆகாது. அது ஒரு தொகுப்பாளரின் தேர்வு. 99 என்பதே வரம்பா என்றால் பெரும்பாலோர் இல்லை என்றே சொன்னார்கள். இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கும் ஒரு துஆவில், படைப்புகளுக்குக் கற்றுத்தராமல் தன் மறைவான அறிவிலேயே இறைவன் வைத்துக்கொண்ட பெயர்களைச் சொல்லியும் இறைஞ்சப்படுகிறது. நமக்குத் தெரியாத பெயர்களும் அவனுக்கு உண்டு என்பது அந்தத் துஆவின் உட்கிடை.

பெயரிலிருந்து பண்புக்கு

குர்ஆன் 'அஸ்மா' என்று பெயர்களைச் சொல்கிறது. 'ஸிஃபத்' என்ற சொல்வடிவம் அதில் இல்லை. அந்த வேரில் பிறந்த வினை பெரும்பாலும் மனிதர்கள் இறைவனைப் பற்றிப் பொய்யாக வருணிப்பதைக் கண்டிக்கும் இடங்களிலேயே வருகிறது. ஹதீஸில் ஓர் அழகான விதிவிலக்கு உண்டு. படைப்பிரிவு ஒன்றுக்குத் தலைவராக அனுப்பப்பட்டவர் தொழுகை நடத்தும்போதெல்லாம் கடைசியில் இஃக்லாஸ் அத்தியாயத்தை ஓதிவந்தார். ஏன் என்று கேட்டபோது அது ரஹ்மானின் வருணனை, அதை ஓத எனக்குப் பிரியம் என்றார். அவரை அல்லாஹ்வும் நேசிக்கிறான் என்று சொல்லுங்கள் என்றார்கள் நபியவர்கள். அங்கே வந்த சொல் 'ஸிஃபத்'. அந்தலூசியாவின் இப்னு ஹஸ்ம் (இறப்பு 1064) இந்த அறிவிப்பையே ஐயுற்று, இறைவனுக்கு 'ஸிஃபத்' என்பது பிற்கால வாதிகள் புகுத்திய சொல் என்று வாதிட்டார். ஏனைய அறிஞர்கள் அவரை மறுத்தார்கள். நமக்கு முக்கியம் வேறொன்று: அந்தத் தலைவருக்கு வருணனை என்பது நேசத்தின் மொழியாக இருந்தது. நூறு ஆண்டுகளில் அதே சொல் வாதத்தின் கருவியாயிற்று.

பண்புகளை மறுத்தவர்களில் முதலில் பெயர் அடிபடுபவர்கள் ஜஅத் இப்னு திர்ஹமும் 746 வாக்கில் கொல்லப்பட்ட ஜஹ்ம் இப்னு ஸஃப்வானும். ஜஹ்ம் ஆமு தர்யா ஆற்றங்கரைத் திர்மித் நகரோடு தொடர்புடையவர். அங்கே 'ஸுமனிய்யா'க்களுடன் அவர் வாதிட்டதாக அஹ்மத் இப்னு ஹன்பலின் பெயரில் வழங்கும் நூல் ஒன்று கூறுகிறது. உன் இறைவனைப் பார்த்தாயா, கேட்டாயா, தொட்டாயா என்று அவர்கள் கேட்க, நாற்பது நாள் திகைத்திருந்து, காணமுடியாத உயிரைப் போன்றவன் அவன் என்று விடை சொன்னாராம். 'ஸுமனிய்யா' என்பது 'ஸ்ரமண' என்ற சொல்லின் அரபு வடிவம். நம் 'சமணர்' பிறந்ததும் அதே சொல்லிலிருந்துதான். அங்கே அது பௌத்தர்களைக் குறித்தது. திர்மிதில் பௌத்த விகாரைகளின் இடிபாடுகள் இன்றும் உள்ளன. பண்புகளை மறுத்தவரின் ஊர் என்று பேர்வாங்கிய அதே ஊர்தான், பின்னாளில் பெயர்ப் பட்டியலைப் பதிவு செய்த இமாம் திர்மிதீயின் ஊரும்.

பஸ்ராவின் முஃதஸிலா இறையியலாளர்கள் இந்த மறுப்பைக் கோட்பாடாக்கினார்கள். இறைவனின் அறிவும் ஆற்றலும் அவனோடு சேர்ந்திருக்கும் தனிப் பொருள்கள் என்றால் அநாதியானவை பலவாகிவிடும், தவ்ஹீத், அதாவது இறைவனின் ஒருமை, உடையும் என்பது அவர்களின் அச்சம். அவன் அறிவால் அறிகிறான், அந்த அறிவு அவனேதான் என்றார் அபுல் ஹுதைல். அபூஹாஷிம் (இறப்பு 933) பண்புகளை இருப்பதென்றும் இல்லாததென்றும் சொல்ல முடியாத 'நிலைகள்' என்றார்.

இந்த விவாதம் அரசியலாகவும் மாறியது. 833இல் கலீஃபா மஃமூன், குர்ஆன் படைக்கப்பட்டதே என்று ஒப்புக்கொள்ளும்படி நீதிபதிகளையும் அறிஞர்களையும் சோதிக்க ஆணையிட்டார். குர்ஆன் இறைவனின் பேச்சு, பேச்சு அவன் பண்பு. ஆகவே பண்பு அநாதியா என்பதே உள்ளிருந்த கேள்வி. அஹ்மத் இப்னு ஹன்பல் (இறப்பு 855) சிறையும் சவுக்கடியும் பட்டார், சொல்ல மறுத்தார். கலீஃபா முதவக்கிலின் ஆட்சியில் அந்தச் சோதனை ஓய்ந்தது.

வெளியிலிருந்து வந்ததா?

நவீன ஆய்வாளர்கள் சிலர் பண்புக் கோட்பாட்டுக்குக் கிறித்தவ மூலம் தேடினார்கள். ஹாரி வுல்ஃப்சன் 1976இல் வெளிவந்த தம் பெருநூலில், திரித்துவ விவாதத்தின் நிழலே முஸ்லிம்களின் பண்பு விவாதம் என்று வாதிட்டார். தமஸ்கஸின் யோவான், இறைவனின் வார்த்தையும் ஆவியும் அவனுக்கு உள்ளா வெளியா என்று முஸ்லிம்களைக் கேட்கும் வாதமுறையை எழுதிவைத்தது உண்மை. அபுல் ஹுதைலின் வாக்கியம் அரிஸ்டாட்டிலிடமிருந்து பெற்றது என்று இறையியலாளர் அஷ்அரீயே தம் நூலில் குறிக்கிறார். இப்னு ஸீனா பண்புகளை மறுப்புகளாகவும் உறவுகளாகவும் சுருக்கியதில் கிரேக்கத் தடம் தெளிவு.

ஆனாலும் வெளித் தாக்கம் மட்டும் விடையாகாது. நாற்பத்திரண்டாம் அத்தியாயத்தின் அந்த ஒரு வசனத்திலேயே சிக்கல் முழுதாக இருக்கிறது. இறைவன் அரியணைமீது அமைந்ததைச் சொல்லும் 'அர்ஷின் மீது இஸ்திவா' என்ற சொல்லாட்சியின் பொருளை இமாம் மாலிக்கிடம் (இறப்பு 795) ஒருவர் கேட்டபோது, சொல் தெரிந்ததே, எவ்விதம் என்பது அறிவுக்கு எட்டாது, நம்புவது கடமை, துருவுவது புதுமை என்ற பொருளில் விடை தந்தார். கேட்டவர் திரித்துவத்தைப் பற்றிக் கேட்கவில்லை, தாம் ஓதிய வசனத்தைப் பற்றிக் கேட்டார். அண்டை வீட்டார் கேள்வியைக் கூர்மையாக்கினார்கள், கேள்வி இந்த வீட்டில் பிறந்ததுதான்.

தீர்வுகளும் எல்லைகளும்

முஃதஸிலாவிலிருந்து விலகிய அபுல் ஹஸன் அஷ்அரீ (இறப்பு 936) ஒரு நடுவழியை நிறுவினார். இப்னு குல்லாப் முன்பே சொன்னதை ஏற்று, பண்புகள் அவனும் அல்ல, அவனுக்கு வேறும் அல்ல என்றார். பத்தில் உள்ள ஒன்று பத்தும் ஆகாது, பத்துக்கு வேறும் ஆகாது என்று பிற்கால உரைகாரர்கள் இதற்கு உவமை சொன்னார்கள். உயிர், அறிவு, ஆற்றல், நாட்டம், கேள்வி, பார்வை, பேச்சு என்ற ஏழும் அஷ்அரிகளின் அடிப்படை. ஸமர்கந்தின் மாதுரீதீ (இறப்பு 944) படைத்தலையும் அநாதிப் பண்பாகச் சேர்த்தார். உலகைப் படைக்கும் முன்பும் அவன் 'காலிக்', அதாவது படைப்பவன்தானா என்ற கேள்விக்கு ஆம் என்பது அந்தப் பள்ளியின் விடை. ஸனூஸீ (இறப்பு 1490) இருபதாக விரித்ததை மலாய் உலகில் குழந்தைகளும் மனனம் செய்தார்கள். ஷியா மரபு பண்புகளை இறைவனின் உள்ளமையோடு ஒன்றென்றது. இப்னு தைமிய்யா (இறப்பு 1328) வேதம் சொன்னதை எவ்விதம் என்று கேளாமல், ஒப்பிடாமல், மாற்றிப் பொருள் கொள்ளாமல் ஏற்க வேண்டும் என்றார். அதற்காக 1306இல் தமஸ்கஸில் விசாரிக்கவும் பட்டார்.

பெயர் சூட்டும் உரிமை யாருக்கு என்பதில் ஒரு சிறு நிகழ்ச்சி எல்லாவற்றையும் சொல்லிவிடும். இறைவனை 'ஆகில்', அறிவாளி எனலாமா என்று முஃதஸிலா ஆசிரியர் ஜுப்பாயீயிடம் கேட்டார்கள். கூடாது என்றார் அவர். ஒட்டகத்தின் காலைக் கட்டும் 'இகால்' கயிற்றிலிருந்து பிறந்த சொல் அது, தடுக்கப்படுபவனுக்கே பொருந்தும். உடனிருந்த மாணவர் அஷ்அரீ கேட்டார்: அப்படியானால் 'ஹகீம்' என்றும் சொல்லக் கூடாதே, அது குதிரைக் கடிவாளத்தின் இரும்பான 'ஹகமா'விலிருந்து வந்ததாயிற்றே? ஆசிரியரிடம் விடையில்லை. என் வழி சொல்லின் வேரைத் துருவுவது அல்ல, வேதம் தந்த அனுமதி, அது ஹகீம் என்றது, நானும் சொல்கிறேன் என்றார் அஷ்அரீ. ஸுப்கீ (இறப்பு 1370) பாதுகாத்துவைத்த இந்த உரையாடலின் சாரம் 'தவ்கீஃப்': பெயரை அவனே அறிவிக்க வேண்டும். கஸ்ஸாலீ (இறப்பு 1111) சற்றுத் தளர்த்தி, பெயர் சூட்டத்தான் அனுமதி வேண்டும், உண்மையான புகழ்ச் சொல்லால் வருணிக்கத் தடையில்லை என்றார். பாரசீகர் 'குதா' என்பதும் தமிழர் 'இறைவன்', 'ஆண்டவன்' என்பதும் இந்த இடைவெளியில்தான் வாழ்கின்றன.

அதே கஸ்ஸாலீதான் திருநாமங்களுக்கு எழுதிய விளக்க நூலில் ஒவ்வொரு பெயரின் கீழும் அதில் அடியானின் பங்கு என்ன என்று கேட்டார். ரஹீமைக் கணக்கிட்டுப் பேணுவது என்றால் எண்ணிக்கையோடு முடிவதில்லை, இரக்கம் காட்டுவதில் முடிகிறது. வாதம் வறட்டிய சொற்களுக்கு மறுபடி ஈரம் தந்த வேலை அது.

அழைப்பே தொடக்கம்

இந்த வரலாறு முழுவதையும் சேர்த்துப் பார்க்கையில் எனக்கு உறுதிப்படுவது ஒன்றுதான். சொற்கள் பழையவை. வேதம் அவற்றை ஒருவனுக்கே உரியவையாக்கியது. பட்டியல் அறிவிப்பாளர்களின் உழைப்பு. பண்புக் கோட்பாடு சிந்தனையாளர்களின் காவல் வேலை, இறைவனை மனிதனாக்காமலும் வெறும் கருத்தாக்காமலும் இருக்க அவர்கள் எழுப்பிய வேலி. வேலி தேவைதான். ஆனால் ஏழாம் அத்தியாயத்தின் 180ஆம் வசனம் திருநாமங்களைச் சொல்லிவிட்டு அடுத்து இடும் கட்டளை ஆராயுங்கள் என்பதல்ல, அவற்றைக் கொண்டு அழையுங்கள் என்பது.

குர்ஆன் கற்றுத்தரும் துஆக்களில் மிகப் பல 'ரப்பனா' என்றே தொடங்குகின்றன. நம் வீட்டுப் பெரியவர்கள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்போது தம்மை அறியாமல் சொல்வது 'ரப்பே'. சுவரில் உள்ள பலகை அந்தப் பெயரை விட்டுவிட்டது. பலகைக்குக் கீழே உட்கார்ந்திருப்பவரின் வாய் அதை விடவில்லை.